பேட்டரி சதவீதம் தப்பாகக் காட்டுகிறதா: ரீசெட்டா, முழு சார்ஜா, சர்வீஸா?

என் மின்சாரக் காரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, திரையில் பேட்டரி 19 சதவீதம், வீட்டுக்கு இன்னும் 22 கிலோமீட்டர். தாராளமாகப் போய்விடலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். நீளமான ஒரு மேட்டில் ஏறி இறங்கிவிட்டுப் பார்த்தால் 11. பக்கத்தில் இருந்த அண்ணன், "டேய், இப்பதானே இருபது இருந்துச்சு, எங்கடா போச்சு?" என்றார். எனக்கு மட்டும் தெரியுமா என்ன. ஏசியை அணைத்தேன், பாட்டையும் அணைத்தேன் (பாட்டை அணைத்தால் என்ன மிச்சமாகும் என்று கேட்காதீர்கள், பயத்தில் கை தானாகப் போகும்), ஆமைப் படம் (சார்ஜ் தீரப் போகிறது, வேகம் குறையும் என்ற எச்சரிக்கை) எரிய 4 சதவீதத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

அதற்கப்புறம் ஒரு மாதம் இந்தச் சிக்கலுக்கு ஆளாளுக்குச் சொன்ன எல்லா வைத்தியத்தையும் செய்து பார்த்தேன், அதுவும் தலைகீழ் வரிசையில்: முதலில் சர்வீஸ், கடைசியில் முழு சார்ஜ். சரியான வரிசையில் போயிருந்தால் ஒரே வாரத்தில், காசு செலவில்லாமல் முடிந்திருக்கும். எந்த வழி யாருக்கு, எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே வேண்டாம் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.

முதலில், எந்த எண் தப்பு?

திரையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. பேட்டரியில் மீதி எத்தனை சதவீதம் என்பது ஒன்று, இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது இன்னொன்று. "பேட்டரி தப்பாகக் காட்டுகிறது" என்று புலம்புகிற நிறைய பேர் உண்மையில் இரண்டாவது எண்ணைப் பற்றித்தான் சொல்கிறார்கள். அந்த எண் ஒரு ஜோசியம். கொஞ்ச தூரமாக நீங்கள் எப்படி ஓட்டினீர்களோ, இனியும் அப்படியே ஓட்டுவீர்கள் என்று நம்பி வண்டி போடும் கணக்கு. மணிக்கு 100ல் போய்க்கொண்டிருந்தவர் 120க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு விசை மட்டும் 44 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். கடும் குளிரில் ஹீட்டர் 4 கிலோவாட் இழுக்கிறது, வண்டி நெரிசலில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஊர்கிறது என்றால், சக்கரத்துக்குப் போகிற மின்சாரம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவும் ஹீட்டருக்கும் போகிறது. கிலோமீட்டர் எண் பாதியாகாமல் என்ன செய்யும்?

இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். திரையைச் சதவீதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே சீராக ஓட்டக்கூடிய ஒரு சாலையில் 10 கிலோமீட்டருக்கு ஒருமுறை சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். சதவீதம் ஒரே அளவாக இறங்குகிறது, கிலோமீட்டர் மட்டும் துள்ளுகிறது என்றால் உங்கள் பேட்டரியும் நலம், மீட்டரும் நலம். சதவீதமே துள்ளினால்தான் மேலே படிக்க வேண்டும்.

சதவீதம் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் டேங்கில் ஒரு மிதவை இருக்கும், அது ஏறி இறங்குவதைப் பார்த்து முள் நகரும். பேட்டரிக்குள் அப்படி எதுவும் இல்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று நேராக அளக்கவே முடியாது, பிஎம்எஸ் என்கிற பேட்டரி நிர்வாகக் கணினி அனுமானம்தான் செய்கிறது. அதற்கு இரண்டு வழி. போகிற, வருகிற மின்னோட்டத்தை நொடிக்கு நொடி கூட்டிக் கழிப்பது ஒன்று, வீட்டில் வரவு செலவு எழுதுவது போல. இன்னொன்று, வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல்களின் வோல்ட்டேஜைப் பார்த்து இவ்வளவு இருக்கும் என்று கணிப்பது, இது பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணுவது போல. இரண்டையும் எந்த விகிதத்தில் நம்புவது என்று தீர்மானிக்கப் பல வண்டிகளில் கால்மன் ஃபில்டர் என்ற கணித முறையின் ஏதோ ஒரு வடிவம் ஓடுகிறது. 1960ல் ருடால்ஃப் கால்மன் எழுதிக் கொடுத்தது, அப்பல்லோ விண்கலம் நிலவுக்கு வழி கண்டுபிடித்ததும் அதை வைத்துத்தான். நிலவுக்கே வழி காட்டிய கணக்கு என் வண்டியில் 8 சதவீதத்தை எப்படித் தவறவிட்டது என்றால், பெட்டியைத் திறந்து எண்ண நான் அதற்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

மின்னோட்டத்தை அளக்கும் சென்சாரில் ஒரு சின்னப் பிசகு எப்போதும் இருக்கும். 60 யூனிட் (அதாவது 60 கிலோவாட்-மணி) பேட்டரி, 350 வோல்ட் என்றால் சுமார் 170 ஆம்பியர்-மணி. சென்சார் 0.2 ஆம்பியர் தப்பாக அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் இடத்தில் இது தூசு. ஆனால் ஓட்டியதும் சார்ஜ் போட்டதுமாக 70 மணி நேரம் இப்படியே கூட்டிக்கொண்டே போனால் 14 ஆம்பியர்-மணி கணக்கில் உதைக்கும். அதாவது 8 சதவீதம்.

இப்போது பேட்டரி எந்த ரகம் என்பது முக்கியமாகிறது. என்எம்சி என்கிற நிக்கல் ரகத்தில் செல் வோல்ட்டேஜ் நிரம்பும்போது 4.2ல் தொடங்கிப் படிப்படியாக இறங்குகிறது, நடுவில் எங்கே நிறுத்திப் பார்த்தாலும் ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். எல்எஃப்பி என்கிற இரும்பு பாஸ்பேட் ரகம் அப்படியில்லை. 30 சதவீதத்திலும் செல் 3.3 வோல்ட்டை ஒட்டி நிற்கும், 90லும் 3.3ஐ ஒட்டி நிற்கும், வித்தியாசம் 0.1 வோல்ட் கூட இருக்காது. போதாததற்கு, ஏற்றிவிட்டு நிறுத்தினால் ஒரு வோல்ட்டேஜ், இறக்கிவிட்டு நிறுத்தினால் கொஞ்சம் குறைவான வோல்ட்டேஜ் என்று குழப்பும். நிரம்பும் முனையிலும் காலியாகும் முனையிலும் மட்டும்தான் அந்தக் கோடு சட்டென்று வளையும். பிஎம்எஸ் உண்மையைத் தெரிந்துகொள்வது அந்த இரண்டு இடத்தில்தான்.

என்னுடையது எல்எஃப்பி. முன்பு வைத்திருந்த வண்டி என்எம்சி, "80க்கு மேல் ஏற்றாதே" என்ற பாடத்தை அங்கே படித்துவிட்டு வந்து இங்கேயும் நான்கு மாதம் 70லேயே நிறுத்தினேன். ஆக அன்றைக்கு மேட்டில் 19லிருந்து 11க்கு விழுந்ததுதான் சரியான எண். அடிமுனை வளைவு தெரிந்ததும் பிஎம்எஸ் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது, அவ்வளவுதான். பொய் சொன்னது அந்த 19. இது புரிந்த பிறகுதான் எனக்கு எந்த வைத்தியம் எதற்கு என்று விளங்கியது.

உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரியவில்லையா? கையேட்டில் சார்ஜிங் பகுதியைப் பாருங்கள். டெஸ்லா தன் எல்எஃப்பி வண்டிகளுக்கு வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்றச் சொல்கிறது, ஃபோர்டு தன் மஸ்டாங் மாக்-ஈ எல்எஃப்பி வண்டிக்கு மாதம் ஒருமுறை. இப்படி முழுதாக ஏற்றச் சொல்லும் வரி இருந்தால் அது பெரும்பாலும் எல்எஃப்பிதான்.

ஒன்றும் செய்யாமல் விடுவது

சோம்பேறித்தனமாகத் தெரிந்தாலும் இதுவும் ஒரு வழிதான், பல நேரம் இதுவே சரி. இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்துக்கெல்லாம் மெனக்கெட வேண்டாம். குளிர்காலக் காலையில் இரவு இருந்ததைவிடச் சில சதவீதம் குறைவாகக் காட்டி, வண்டி சூடானதும் அது திரும்பி வந்தால், அது பழுது இல்லை. குளிர்ந்த செல்லிலிருந்து முழுவதையும் எடுக்க முடியாது என்பதால் வண்டி அந்தப் பங்கைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கிறது. டெஸ்லாவில் இது நீலப் பட்டையாகவும் பனிப்பூ படமாகவும் தெரியும், பல வண்டிகளில் சொல்லாமல் கொள்ளாமல் எண் குறையும்.

நிறுத்தி வைத்த வண்டியில் குறைந்தாலும் உடனே மீட்டரைச் சந்தேகிக்காதீர்கள். சுற்றிலும் கண்காணிக்கும் கேமரா வசதியை அணைக்காமல் விட்டால் அது 250 வாட் அளவுக்கு இழுக்கக்கூடும், ஒரு நாளைக்கு 6 யூனிட், 60 யூனிட் பேட்டரியில் பத்து சதவீதம். ஐந்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து "பாதி பேட்டரியைக் காணோம்" என்றால், களவு போனது அந்தக் கேமராவுக்குத்தான்.

ரீசெட், அப்டேட், 12 வோல்ட் பேட்டரி

யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், செய்வதற்குச் சுலபம் என்பதால். நடுத்திரையை ரீஸ்டார்ட் செய்வதால் சதவீதம் திருந்தாது. திரை வேறு கணினி, பிஎம்எஸ் வேறு கணினி, திரை வெறும் அறிவிப்புப் பலகை. எண் உறைந்துபோய் ஒரே இடத்தில் நிற்கிறது, அல்லது ஆப்பில் ஓர் எண், திரையில் ஓர் எண் என்றால் மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

12 வோல்ட் சின்ன பேட்டரியின் முனையைக் கழற்றி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் பிஎம்எஸ் தன் கணக்கை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்தான் வைத்திருக்கும், ஆகவே பலன் இல்லை. கண்ணாடி, கடிகாரம், பூட்டு என்று வேறு நாலு விஷயம் அமைப்பை இழந்து நிற்பதுதான் மிச்சம். ஆனால் அந்தச் சின்ன பேட்டரியே பலவீனமாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஈய-அமில ரகம் நன்றாக இருந்தால், வண்டி உறங்கும்போது மல்ட்டிமீட்டரில் 12.6 வோல்ட் பக்கம் காட்டும், 12க்குக் கீழே போனால் காலி என்று அர்த்தம். சம்பந்தமே இல்லாத நாலைந்து எச்சரிக்கைகள் ஒன்றாக எரிகின்றன, கூடவே சதவீதமும் கோணலாக இருக்கிறது என்றால் அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும்.

அப்டேட் கதை வேறு. பிஎம்எஸ் மென்பொருளிலேயே கோளாறு இருந்தால் நீங்கள் எத்தனை முறை முழு சார்ஜ் போட்டாலும் திருந்தாது. நிசான் லீஃபின் 30 யூனிட் மாடல் இதற்குச் சரியான உதாரணம். 2016, 2017 வண்டிகள் சிலவற்றில் பேட்டரி வேகமாகத் தேய்வதாகத் திரை காட்டியது, கொள்ளளவைக் காட்டும் பட்டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன, உரிமையாளர்கள் பதறிப்போனார்கள். கடைசியில் பார்த்தால் பேட்டரி நன்றாகவே இருந்திருக்கிறது, கொள்ளளவைக் கணக்கிடும் மென்பொருள்தான் தப்பு. 2018ல் நிசான் கொடுத்த அப்டேட்டுக்குப் பிறகு பட்டைகள் திரும்பி வந்தன. அதனால் உங்கள் மாடலுக்கு பிஎம்எஸ் அப்டேட் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், சில வண்டிகளில் இது வைஃபையில் வராது, சர்வீஸ் சென்டரில்தான் போடுவார்கள். அப்டேட் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: 2019ல் ஓர் அப்டேட் டெஸ்லாவின் பழைய 'மாடல் எஸ்' வண்டிகள் சிலவற்றின் உச்ச வோல்ட்டேஜைக் குறைத்துவிட, உரிமையாளர்கள் தொடுத்த வழக்கை முடிக்க டெஸ்லா 2021ல் 15 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அப்டேட் போட்ட மறுநாளிலிருந்து எண் மாறியது என்றால் தேதியைக் குறித்து வையுங்கள்.

முழு சார்ஜும் ஓய்வும்

எல்எஃப்பி வைத்திருப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான், யோசிக்கவே வேண்டாம். செலவு கிடையாது, ஆபத்து கிடையாது. ஆனால் இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு, நானும் முதல் தடவை சொதப்பினேன்.

வேகச் சார்ஜர் வேண்டாம், வீட்டில் மெதுவாக ஏற்றும் ஏசி (மாறுமின்சாரம்) சார்ஜரில் போடுங்கள். திரை 100 காட்டியதும் பிடுங்கிவிடக் கூடாது, வண்டியே நிறுத்தும்வரை விட வேண்டும். 99லேயே அரை மணி, ஒரு மணி என்று நிற்கும்போது கோளாறு என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் வேலையே நடக்கிறது. வரிசையாக இருக்கும் நூறு சொச்சம் செல்களில் முந்திக்கொண்டு நிரம்பியவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிட்டு, பின்தங்கியவற்றுக்கு இடம் கொடுக்கிறது பிஎம்எஸ். வடிக்கும் வேகம் மிகக் குறைவு. 100 மில்லிஆம்பியர் வேகத்தில் வடிக்கிறது, ஒரு செல் மற்றவற்றைவிட 2 ஆம்பியர்-மணி முன்னால் இருக்கிறது என்றால் 20 மணி நேரம் ஆகும். ஒரே ராத்திரியில் தீராது, மூன்று நான்கு முறை முழு சார்ஜ் போட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

நிரம்பியதும் வண்டியை இரண்டு மூன்று மணி நேரம் தூங்க விடுங்கள். தூங்குவது என்றால் நிஜமாகத் தூங்குவது. நான் என்ன செய்தேன் தெரியுமா, சரியாகிவிட்டதா சரியாகிவிட்டதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோனில் ஆப்பைத் திறந்து பார்த்தேன். பல வண்டிகளில் ஆப்பைத் திறந்தாலே வண்டி விழித்துக்கொள்ளும், ரிலே "டக்" என்று விழும் சத்தம் ஷெட்டிலிருந்து கேட்கும். அந்தச் சத்தம் நாலாவது முறை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது, தூங்குகிறவனைத் தட்டித் தட்டித் "தூங்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று.

என்எம்சி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே காப்பியடிக்க வேண்டாம். எப்போதாவது 100 ஏற்றுவதால் ஒன்றும் ஆகாது, ஆனால் 100ல் ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்துவது அந்த ரகத்தைச் சீக்கிரம் முதுமையாக்கும். உங்களுக்குச் சுலபமான வழி இருக்கிறது: தினமும் 80க்கு ஏற்றி வைக்கும் பழக்கத்தை இரண்டு வாரம் மாற்றி, ஒருநாள் 75ல், ஒருநாள் 50ல், ஒருநாள் 30ல் என்று வெவ்வேறு அளவில் ராத்திரி முழுக்கச் சார்ஜரில் போடாமல் நிறுத்துங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிஎம்எஸ் பெட்டியைத் திறந்து ஒருமுறை எண்ணிக்கொள்ளும். காலை கிளம்புமுன் 100 வேண்டுமென்றால் கிளம்பும் நேரத்துக்கு முடியும்படி டைமர் வைத்துக்கொள்ளலாம்.

அடிவரை இறக்கி ஏற்றுவது

"ஒருதடவை சுத்தமா காலி பண்ணிட்டு ஃபுல் போடு, சரியாயிடும்." பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை இது. அந்த பேட்டரிகளுக்கு 'மெமரி' என்று ஒரு வியாதி இருந்தது. லித்தியத்தில் செல்லுக்காக இதைச் செய்யத் தேவையே இல்லை, செய்வதென்றால் கணக்குக்காக மட்டும்தான். அதற்கு 10, 15 சதவீதம்வரை இறங்கினால் போதும்.

எப்போது இது பயன்படும் என்றால், இப்போதைய சதவீதம் மட்டுமில்லாமல் மொத்தக் கொள்ளளவையே பிஎம்எஸ் தப்பாகக் கற்றுக்கொண்டிருக்கும்போது. மேலே ஓர் ஓய்வு, கீழே ஓர் ஓய்வு, நடுவில் எத்தனை ஆம்பியர்-மணி போனது என்ற மூன்றும் கிடைத்தால் அது புதிதாகக் கணக்கிடும். அதனால் 100ல் தூங்கவிட்டு, நடுவில் சார்ஜ் போடாமல் 10, 15 வரை ஓட்டி, அங்கே சில மணி நேரம் தூங்கவிட்டு, உடனே மெதுவாக 100 வரை ஏற்றுங்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

பூஜ்யம்வரை போவதில் எனக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்றால், சதவீதமே தப்பு என்று சந்தேகப்படுகிற வண்டியில் 3 என்று காட்டுவது உண்மையில் பூஜ்யமாக இருக்கலாமே. பூஜ்யத்துக்குக் கீழே ஒளித்து வைத்த இருப்பு உண்டு என்பார்கள், உண்டுதான், ஆனால் பலவீனமான ஒரு செல் இருந்தால் அந்த இருப்பு கைக்கு வரும் முன்பே வண்டி நின்றுவிடும். அப்படியே காலியாக விட்டுவைத்தால் பெரிய பேட்டரி சின்ன பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்க முடியாமல் அதுவும் சேர்ந்து படுத்துவிடும், கதவைத் திறப்பதே பாடாகிவிடும்.

ஓபிடி கருவியில் உள்ளே பார்ப்பது

இதை நான் ஒரு வைத்தியமாகச் சொல்லவில்லை, ரத்தப் பரிசோதனை மாதிரி. சர்வீசுக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி துவாரத்தில் (மெக்கானிக் வண்டியின் கணினியைப் படிக்கக் கருவி மாட்டும் இடம்) ஒரு ப்ளூடூத் கருவியைச் செருகி, ஃபோனில் ஓர் ஆப்பைத் திறந்தால் செல் செல்லாகப் படிக்கலாம். லீஃபுக்கு லீஃப்ஸ்பை என்று தனி ஆப் இருக்கிறது, வேறு பல வண்டிகளுக்குக் கார் ஸ்கேனர் போன்றவை. சில வண்டிகளுக்குத் தனியாக ஒரு கேபிள் வேண்டியிருக்கும். மலிவான போலிக் கருவிகள் பாதியில் கைவிடும், அதனால் உங்கள் மாடலுக்கு ஏற்கெனவே வேலை செய்ததாகத் தெரிந்த கருவியாகப் பார்த்து வாங்குங்கள். படித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள், செருகியே வைத்தால் அதுவே வண்டியைத் தூங்க விடாது. படிப்பதோடு நிறுத்துங்கள், கோடிங், ரீசெட் என்று இருக்கும் பொத்தான் பக்கம் போகாதீர்கள்.

பார்க்க வேண்டியது மிக அதிகமான செல், மிகக் குறைவான செல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். என்எம்சியில் ஓய்வு நிலையில் 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, 50ஐத் தாண்டி அங்கேயே நின்றால் விசாரிக்க வேண்டும். எல்எஃப்பியில் நடுவில் பார்க்கவே பார்க்காதீர்கள், அந்தத் தட்டைக் கோட்டில் நல்ல செல், நோஞ்சான் செல் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். எனக்கு 60 சதவீதத்தில் வித்தியாசம் வெறும் 5 மில்லிவோல்ட், ஆகா என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். 12 சதவீதத்தில் பார்த்தால் 70. முழு சார்ஜ் மூன்று முறை போட்ட பிறகு அதே 12ல் அது 30க்கு வந்தது.

எந்த செல் என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு செல் கடைசியில் நின்றால் பெரிதாகக் கவலை வேண்டாம். எப்போது பார்த்தாலும் அதே 43ஆம் செல்தான், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது மட்டும் ஆழமாக விழுகிறது, காலை எடுத்தால் எழுகிறது என்றால், அது கணக்குப் பிசகு இல்லை, செல்லிலேயே கோளாறு. முழு சார்ஜ் அதைத் தீர்க்காது.

ஆப்பில் எஸ்ஓஎச் என்று பேட்டரி ஆரோக்கியம் ஒரு சதவீதமாக வரும். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், தப்பாகக் கணக்கு எழுதிய அதே பிஎம்எஸ்தான் அதையும் எழுதியிருக்கிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்: முழு சார்ஜும் ஓய்வும் முடிந்து, 90லிருந்து 20 வரை ஒரே ஓட்டமாக ஓட்டி, ட்ரிப் மீட்டரில் 41 யூனிட் செலவு என்று வந்தால், 41ஐ 0.7ஆல் வகுங்கள், 58.6. பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 60 என்று கம்பெனி சொன்ன வண்டி என்றால் பிரமாதம். சார்ஜர் மீட்டரை வைத்துப் போட்டால் வழியில் 10, 15 சதவீதம் சூடாக வீணாவதைக் கழிக்க மறக்காதீர்கள்.

சர்வீஸ் சென்டர்

நான் முதலில் போனது இங்கேதான். கருவியை மாட்டினார்கள், பத்து நிமிடம் பார்த்தார்கள், "ஃபால்ட் கோட் எதுவும் இல்ல சார், வண்டி நல்லாதான் இருக்கு" என்றார்கள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் சொன்னது அவர்கள் கோணத்தில் சரி. ஏதாவது ஒன்று வரம்பைத் தாண்டினால்தான் கோட் பதிவாகும். மெதுவாக நகர்ந்த கணக்குக்குக் கோட் கிடையாது, தான் தப்பாக எண்ணுகிறோம் என்று பிஎம்எஸ்ஸுக்கே தெரியாதே. என்ன, "முழு சார்ஜ் போட்டுப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் நேரே சர்வீசுக்குத்தான் போக வேண்டிய நிலைகளும் உண்டு, அங்கே வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தக் கூடாது. 50, 60 சதவீதம் இருக்கும்போதே பத்துக்கு மேல் தடாலென்று விழுவது, சதவீதம் மிச்சம் இருக்கும்போதே வண்டி நின்றுபோவது, 85ல் சார்ஜ் தானாக நின்று அதற்கு மேல் ஏறவே மறுப்பது, பேட்டரி எச்சரிக்கை விளக்கு, நான் மேலே சொன்ன அந்த ஒரே செல். இவற்றில் மின்னோட்டச் சென்சார், செல்களை அளக்கும் அட்டை, ஒரு மாட்யூல் என்று ஏதாவது மாற்ற வேண்டியிருக்கலாம். பேட்டரிப் பெட்டியைத் தெரிந்த மெக்கானிக்கை வைத்துத் திறக்கலாமா என்று கேட்கிறார்கள். 400 வோல்ட், சில வண்டிகளில் 800 வோல்ட், அதுவும் நேர்மின்சாரம். வேண்டாம்.

போகும்போது ஆதாரத்தோடு போங்கள். சதவீதமும் ஓடிய தூரமும் வெப்பநிலையும் ஒன்றாகத் தெரியும்படி விழுவதற்கு முன் ஒரு படம், விழுந்த பின் ஒரு படம், செல் வோல்ட்டேஜ் படம். ஓட்டிக்கொண்டே நீங்களே படம் எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரி வாரன்ட்டி பல நிறுவனங்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், 70 சதவீதக் கொள்ளளவு என்று இருக்கும், அது கொள்ளளவுக்கான வாக்குறுதி. "தப்பாகக் காட்டுகிறது" என்று எழுதிக் கொடுத்தால் ஒரு பதில் வரும், "இத்தனை யூனிட்தான் எடுக்க முடிகிறது, இந்த செல் இத்தனை வோல்ட்டுக்கு விழுகிறது" என்று எழுதிக் கொடுத்தால் வேறு பதில் வரும்.

ஆக, யார் எங்கே தொடங்குவது?

எல்எஃப்பி, பல வாரமாக 100 தொடவில்லை, விழுவது 20 சதவீதத்துக்குக் கீழே மட்டும் என்றால், இன்றைக்கு ராத்திரியே முழு சார்ஜ், அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு முறை, வேறு எதுவும் வேண்டாம். என்எம்சி, எண் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது என்றால் வெவ்வேறு அளவில் ஓய்வு, அப்புறம் ஒரு முறை 10லிருந்து 100, அதற்கப்புறமும் குறைந்தால் அது தேய்மானம்தான், மீட்டரைத் திட்டிப் பயனில்லை. 50, 60 சதவீதத்திலேயே விழுகிறது என்றால் ஓபிடி, அங்கிருந்து நேராக சர்வீஸ்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. விற்பவர் 100ல் நிறுத்திக் காட்டும் கிலோமீட்டர் எண்ணையும், ஆரோக்கியம் இத்தனை என்று ஆப்பில் காட்டும் எண்ணையும் ஒதுக்கி வையுங்கள். சில மாடல்களில் பிஎம்எஸ்ஸை ரீசெட் செய்தால் தேய்ந்த பேட்டரியும் கொஞ்ச நாளுக்குப் புதிது போலக் காட்டும். கையோடு ஓபிடி கருவியைக் கொண்டுபோய், 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை நீங்களே ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அந்தக் கடைசி 20ல் செல்களைப் பாருங்கள். மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.